அந்த ஒத்த வரியப் பத்திதான் பேசணும்

பைபோலார், அதாவது மூடு சில காலம் அளவுக்கு மீறி மேல ஏறி, சில காலம் டிப்ரஷன்ல கீழ எறங்கற வியாதி, தனக்கு இருக்குமோன்னு காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு எழுதின லெட்டர் இது. அடையாளம் தெரியற விஷயத்த எல்லாம் எடுத்துட்டு கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கேன்.

"வணக்கம் டாக்டர். எனக்கு 19 வயசு, ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்ல இருக்கேன். எனக்கு பைபோலார் இருக்குமோன்னு ரொம்ப நாளா சந்தேகம். காலைல நல்லா இருப்பேன், கிளாஸ்ல யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா அழுகை முட்டிக்கிட்டு வரும், மத்தியானம் திரும்ப சிரிச்சுப் பேசுவேன், சாயங்காலம் யார் மேலயாவது எரிஞ்சு விழுவேன், நைட்டு ஒரு வெறுமை. ஒரே நாள்ல அஞ்சாறு தடவ மூடு மாறுது. ரூம்மேட் 'நீ பக்கா பைபோலார்டி'ங்கறா. வீடியோ பாத்தா எல்லாம் எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கு. நெட்ல 13 கேள்வி டெஸ்ட் ஒண்ணு எழுதினேன், 9-க்கு ஆமான்னு வந்துச்சு. ரெண்டு மாசமா எதுலயும் இஷ்டம் இல்ல, கிளாஸ் போறதில்ல, பகல் பூரா படுத்தே கெடக்கேன், சில நாள் தூங்கினா அப்படியே எந்திரிக்காம போயிட்டா தேவலன்னு தோணுது. போன வருஷம் லீவுல ஒரு பத்து நாள் சரியா தூங்கவே இல்ல, ஆனா நல்லாத்தான் இருந்தேன், அக்காதான் என்னடி ஆச்சு உனக்குன்னு கேட்டுட்டே இருந்தா. எங்க சித்தப்பாவுக்கு மனசு சம்பந்தமா ஏதோ பிரச்னையாம், வீட்ல கேட்டா பேச்ச மாத்திருவாங்க. டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடற சீனியர் ஒருத்தங்க, நீயும் ஒரு மாசம் போட்டுப் பாரு, நான் தர்றேன்னு சொல்றாங்க, போடலாமா? எனக்கு இருக்கறது பைபோலாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

ம்மா, மொதல்ல ரெண்டு விஷயம், மத்ததெல்லாம் அப்புறம்.

சீனியர் குடுக்கற மாத்திரையத் தொடாதீங்க. அவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, அவங்களுக்கு அது வேலையும் செஞ்சிருக்கும், ஆனா உங்க லெட்டர்ல இருக்கற ஒரு வரியால அந்த மாத்திரை உங்களுக்கு ஆபத்தாகிடலாம், அது எந்த வரின்னு வர்றேன்.

ரெண்டாவது, எந்திரிக்காம போயிட்டா தேவலன்னு எழுதியிருக்கீங்க. இத நான் தாண்டிப் போக மாட்டேன். நேர்ல உக்காந்திருந்தா கேட்டிருப்பேன், சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா, அதுக்கு எதாவது சேத்து வெச்சிருக்கீங்களான்னு. இப்படிக் கேட்டா இல்லாத நெனப்ப கெளப்பி விட்டமாதிரி ஆகிடும்னு பல பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல, கேட்டதும் அழுதுட்டு அப்பாடான்னு மூச்சு விட்டவங்களத்தான் நான் பாத்திருக்கேன். எந்திரிக்காம போனா தேவலங்கறதுக்கும் நானே முடிச்சுக்கணும்ங்கறதுக்கும் நடுவுல தூரம் இருக்கு, ஆனா அது ரொம்பப் பெரிய தூரம் இல்ல. அதனால அது எப்படி முடிச்சுக்கலாம்ங்கற யோசனையா மாற ஆரம்பிச்சா, அன்னைக்கே, அந்த ராத்திரியே, ரூம்மேட்ட எழுப்புங்க, தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்குப் போன் போடுங்க, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சி இருக்கோ அங்க போங்க, டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு காத்திருக்காதீங்க. கிண்டல் பண்றவளா இருந்தாலும் எழுப்புங்க, எழுப்பினா கூட வருவா.

சரி, இப்ப உங்க கேள்வி. பைபோலாரா இல்லையான்னு லெட்டர வெச்சு நான் சொன்னா அது வைத்தியம் இல்ல, ஜோசியம். ஆனா லெட்டர நாலு தடவ படிச்சேன், படிச்சதுல ஒரு விஷயம் பட்டுச்சு. உங்களுக்குப் பயம் வந்தது ஒரே நாள்ல அஞ்சாறு தடவ மூடு மாறுறதப் பாத்து, அதுக்காக பாதி லெட்டர செலவு பண்ணிட்டீங்க. நான் பேனாவால அடிக்கோடு போட்டது வேற எடத்துல: 'ஒரு பத்து நாள் சரியா தூங்கவே இல்ல, ஆனா நல்லாத்தான் இருந்தேன்.' அத நீங்க சும்மா போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க.

மொதல்ல அஞ்சாறு தடவ மாறுற விஷயத்த முடிச்சிடறேன். பைபோலார்னா மூடு சட்டு சட்டுனு மாறுறதுன்னு ஒரு எண்ணம் எப்படியோ ஊர் பூரா பரவிடுச்சு, யாராவது காலைல சிரிச்சு சாயங்காலம் கோபப்பட்டா உடனே பைபோலார்னு பேரு வெச்சிடறாங்க. நாங்க பாக்கறது மணிக்கணக்க இல்ல, நாள் கணக்கையும் வாரக் கணக்கையும். 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுல, மேல ஏறுற கட்டம் லேசா இருந்தா அதுக்குப் பேரு ஹைப்போமேனியா, அது தொடர்ச்சியா குறைஞ்சது 4 நாள் இருக்கணும், தீவிரமா இருந்தா மேனியா, அது ஒரு வாரம் இருக்கணும், ஆஸ்பத்திரில சேக்க வேண்டிய அளவுக்குப் போயிட்டா மட்டும் நாள் கணக்கு பாக்க மாட்டோம். கீழ போற டிப்ரஷன் கட்டத்துக்கு குறைஞ்சது 2 வாரம். அந்த நாள்ல பெரும்பாலான நேரம் ஆள் அதே நெலமைலதான் இருப்பாங்க, யாரோ ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஏறி இன்னொருத்தர் ஜோக் சொன்னதுக்கு எறங்கற சமாச்சாரம் இல்ல அது. ரேப்பிட் சைக்கிளிங்னு ஒண்ணு வீடியோல கேட்டிருப்பீங்க, பேரக் கேட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற மாதிரி இருக்கும், ஆனா கணக்கு என்னன்னா ஒரு வருஷத்துல நாலு இல்ல அதுக்கு மேல கட்டங்கள் வர்றது. வருஷத்துக்கு நாலு, நாளைக்கு நாலு இல்ல.

அப்ப அந்த அஞ்சாறு தடவ மாறுறது என்ன? பல காரணம் இருக்கலாம். டிப்ரஷன்ல இருக்கறவங்களுக்கே தோல் உரிஞ்ச மாதிரி ஆகிடும், எது பட்டாலும் எரியும். ராத்திரி முழிச்சிருந்து பகல்ல படுக்கறவங்களுக்கு இப்படி ஆகும். தைராய்டு கூடக் குறைச்சலா இருந்தாலும் ஆகும். பீரியட்ஸுக்கு முந்தின ஒரு வாரம் மட்டும் மோசமாகி, வந்த ரெண்டு மூணு நாள்ல சரியாகுதான்னும் பாக்கணும், அது தனி விஷயம், தனி வைத்தியம். சின்ன வயசுலேர்ந்தே உறவுகள்ல யாராவது விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து பயந்து உணர்ச்சி கொந்தளிக்கறதும் உண்டு. கவனக்குறைவுப் பிரச்னை, அதான் ஏடிஹெச்டி, அதுலயும் மூடு தாறுமாறா போகும். இல்ல, ஒரு பேருமே வைக்க வேண்டாம், 19 வயசுல வீட்ட விட்டு வந்து புது ஆளுங்க நடுவுல இருக்கற பிள்ளைக்கு வர்ற சாதாரண அலைக்கழிப்பாவும் இருக்கலாம்.

இப்ப அந்தப் பத்து நாள்.

தூங்காம இருக்கறது ரெண்டு விதம், இத மட்டும் நல்லா கவனிச்சுக்கோங்க. ஒண்ணு, தூக்கம் வேணும், வர மாட்டேங்குது, புரண்டு புரண்டு படுக்கறோம், மறுநாள் கண்ணு எரியுது, தலை கனக்குது, எவன் பேசினாலும் எரிச்சல். இது கவலைல வரும், பரிட்சைக்கு முன்னாடி வரும், டிப்ரஷன்ல வரும். இன்னொண்ணு, தூக்கமே தேவைப்படல. ரெண்டு மணி நேரம் தூங்கினாலும் மூணு மணி நேரம் தூங்கினாலும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு புதுசா சார்ஜ் போட்ட மாதிரி ஓடறோம், மறுநாளும் அப்படியே, அதுக்கு மறுநாளும் அப்படியே, களைப்புங்கறதே இல்ல. இந்த ரெண்டாவது விதம் எங்கள மாதிரி ஆளுங்க காதுல விழுந்தா நிமிர்ந்து உக்காந்துடுவோம். 'தூங்கல, ஆனா நல்லாத்தான் இருந்தேன்'னு நீங்க எழுதினது இதுல எதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா ரெண்டாவது மாதிரி வாசனை அடிக்குது.

எங்கிட்ட வந்த ஒரு பையன் நெனப்பு வருது, விவரத்த எல்லாம் மாத்திட்டேன். அம்மாதான் இழுத்துட்டு வந்தாங்க. உக்காரச் சொன்னா நாற்காலி நுனில உக்காந்தான், பாதி நேரம் நின்னுட்டே பேசினான். கைல மூணு நோட்டு, மொத நோட்டு மொதப் பக்கத்துல கையெழுத்து முத்து முத்தா இருக்கு, அடுத்தடுத்த பக்கத்துல எழுத்து பெருசாகி பெருசாகி வரி வளைஞ்சு ஓரத்துல ஏறி, கடைசிப் பக்கத்துல பேனா காகிதத்தக் கிழிச்சிருக்கு. நாலு கம்பெனி ஆரம்பிக்கற பிளான், ஒரு ஆப், ஒரு நாவல், எல்லாம் எட்டு நாள்ல. ஒரு கேள்வி கேட்டா பதில் ஆரம்பிச்சு அங்கேர்ந்து வேற ஒண்ணுக்குத் தாவி அதுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவி, நடுவுல நிறுத்த முடியல. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன், "லைஃப்ல இவ்ளோ நல்லா நான் இருந்ததே இல்ல டாக்டர், எங்கம்மாக்குத்தான் ஏதோ பிரச்னை"ன்னான். அது பொய் இல்ல, அவனுக்கு நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. இந்த வியாதியோட தந்திரமே அதான், மேல போறப்ப சுகமா இருக்கும், சுகமா இருக்கறவன் எதுக்கு டாக்டர்ட்ட வர்றான்? அவன் மூணு மாசத்துக்கு முன்னாடி வேற ஒரு டாக்டர்ட்ட 'டல்லா இருக்கு'ன்னு போயிருக்கான், அவங்க டிப்ரஷன்னு எழுதியிருக்காங்க, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, அன்னைக்கு கண்ணு முன்னாடி இருந்தது அதுதான்.

உங்களுக்கு அந்தப் பையன் அளவுக்கு இருந்துச்சுன்னு நான் சொல்லல. ஹைப்போமேனியா அவ்ளோ கண்ணுல அடிக்காது, படிப்போ வேலையோ குட்டிச்சுவர் ஆகாது, ஆனா வழக்கமா பாக்கற ஆளு இல்ல இதுன்னு கூட இருக்கறவங்களுக்குத் தெரியும். உங்க அக்கா என்னடி ஆச்சு உனக்குன்னு கேட்டுட்டே இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் கேள்வி எனக்கு உங்க 13 கேள்வி டெஸ்ட விட முக்கியமா படுது. அந்தப் பத்து நாளப் பத்தி நீங்களே யோசிச்சுப் பாருங்க: பேச்சு வேகமாச்சா, வழக்கத்த விட அதிகமா பேசினீங்களா, தலைக்குள்ள யோசனை ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டு வந்துச்சா, புதுப்புது வேலையா இழுத்துப் போட்டுட்டு எதையும் முடிக்கலையா, கைல இருந்த காசு கண்ணு மண்ணு தெரியாம போச்சா, பின்னாடி ஐயோன்னு தலைல கை வைக்கற மாதிரி எதாவது பண்ணீங்களா, என்னால முடியாதது எதுவுமே இல்லன்னு தோணுச்சா. சந்தோஷமா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, சில பேருக்கு அது சிடுசிடுப்பாதான் வரும், குறுக்க யார் வந்தாலும் கடிச்சு வைப்பாங்க. டிஎஸ்எம்ல இந்த மாதிரி ஏழு அடையாளம் இருக்கு, அதுல குறைஞ்சது மூணு வேணும், வெறும் எரிச்சல் மட்டும்னா நாலு வேணும், கூடவே உடம்புலயும் வேலைலயும் வழக்கத்துக்கு மீறின வேகம் இருந்திருக்கணும். அந்த ஏழு அடையாளத்தையும் தேடிப் புடிச்சு டிக் அடிச்சிடாதீங்க, எனக்கு வேணும்ங்கறது அந்த நாள்ல நடந்த கதை.

இன்னொரு பக்கமும் இருக்கு. பத்து நாள் தூங்காததுக்கு வேற நூறு காரணம் இருக்கலாம். பரிட்சை முடிஞ்ச குஷி, புதுக் காதல், விடிய விடிய கேம், அளவுக்கு மீறின காபி, எனர்ஜி டிரிங்க். கஞ்சா, இல்ல வேற எதாவது எடுத்தீங்களான்னும் டாக்டர் கேப்பாங்க, நான் உங்கள சந்தேகப்படறேன்னு நெனைக்க வேண்டாம், எல்லார்ட்டயும் கேக்கறதுதான். ஆஸ்துமா, தோல் அலர்ஜிக்கெல்லாம் குடுக்கற ஸ்டீராய்டு மாத்திரை சில பேர அப்படியே தூக்கி விட்டுரும், அந்த லீவுல வேற எதுக்காவது மருந்து சாப்பிட்டீங்களான்னு ஞாபகப்படுத்திப் பாருங்க.

மாத்திரைக்கு வர்றேன். ஒருத்தருக்கு உள்ளுக்குள்ள பைபோலார் இருந்து, அது தெரியாம வெறும் டிப்ரஷன்னு நெனச்சு அதுக்கான மாத்திரைய மட்டும் தனியா குடுத்தா, சில பேருக்கு அது ஆள மேனியாவுக்குத் தள்ளி விட்டுடும், கீழ கெடந்தவங்க ஒரேயடியா மேல போயிடுவாங்க. இல்லன்னா ரெண்டும் கலந்த நெலமை வரும், உள்ள அவ்ளோ வேதனை, அதோட சும்மா உக்கார முடியாத வேகம், எங்களுக்கு அதிகமா பயம் தர்ற நெலமை அதுதான். போதாததுக்கு, 24, 25 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு இந்த மாத்திரைகள ஆரம்பிச்ச மொத சில வாரம் தற்கொலை எண்ணம் கூடுதான்னு கண்ல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும். அதனாலதான் டிப்ரஷன்னு யார் வந்தாலும் மருந்து எழுதறதுக்கு முன்னாடி 'எப்பவாவது இதுக்கு நேர்மாறா இருந்திருக்கீங்களா'ன்னு கேக்கணும்ங்கறது. உங்கள யாராவது அவசரத்துல இத கேக்காம விட்டாங்கன்னா நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க, 'போன வருஷம் பத்து நாள் தூங்காமலே தெம்பா இருந்தேன்'னு. இந்த ஒரு வாக்கியம் மருந்துச் சீட்டையே மாத்திடும்.

ரெண்டு மாசமா படுத்துக் கெடக்கறீங்களே, அதுக்கு பைபோலார்ங்கற பேரு கெடைக்கற வரைக்கும் காத்திருக்கணும்னு அர்த்தம் இல்ல. எதுலயும் இஷ்டம் இல்லாம, கிளாஸ் போக முடியாம, செத்தா தேவலன்னு தோணிக்கிட்டு ரெண்டு மாசம் ஓடறதுங்கறது, பேரு என்னவா இருந்தாலும், வைத்தியம் பாக்க வேண்டிய விஷயம். பைபோலார் இருக்கறவங்களுக்கே கூட மேல இருக்கற நாள விட கீழ கெடக்கற நாள்தான் அதிகம், முக்கியமா ரெண்டாம் வகைல, அதாவது மேனியா அளவுக்குப் போகாம ஹைப்போமேனியாவும் டிப்ரஷனும் மாறி மாறி வர்ற வகைல. டாக்டர்ட்ட வர்றதும் கீழ கெடக்கும்போதுதான். அதனாலதான் சரியான பேரு வைக்கறதுக்குள்ள பல பேருக்கு வருஷக் கணக்கா ஆகிடுது. உங்களுக்கு இவ்ளோ சீக்கிரமே சந்தேகம் வந்திருக்கு, அது ஒரு விதத்துல அதிர்ஷ்டம்தான்.

நெட் டெஸ்ட்டு. 13 கேள்வின்னு சொன்னத வெச்சுப் பாத்தா அது மூட் டிஸ்ஆர்டர் கொஸ்டினேர்னு 2000-ல வந்த ஒண்ணா இருக்கும், நல்ல டெஸ்ட்தான், நாங்களும் குடுக்கறதுண்டு. ஆனா அதுல 13 கேள்விக்குக் கீழ இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு, பல பேர் அத பாக்காமலே மார்க் கூட்டிடறாங்க. ஒண்ணு, இதெல்லாம் ஒரே கால கட்டத்துல சேந்து வந்துச்சா? ரெண்டாவது, அதனால எந்த அளவுக்குப் பிரச்னை ஆச்சு? தூக்கம் குறைஞ்சது போன வருஷம், பேச்சு கூடினது பிளஸ் டூல, காசு செலவழிச்சது பொறந்த நாளைக்குன்னு அங்கங்க பொறுக்கி ஒம்போது சேத்தா அது கணக்குல வராது. எல்லாம் கூடி வந்தாலும் அது சல்லடைதான், மேல நிக்கறத எடுத்து டாக்டர் பாக்கணும், சல்லடையே தீர்ப்பு சொல்லாது.

சித்தப்பா விஷயம். வீட்ல பேச்ச மாத்தறாங்கன்னா ஏதோ இருந்திருக்கு, என்னன்னு தெரிஞ்சா நல்லது. இந்த வியாதில பரம்பரையோட பங்கு பெருசு, அப்பா அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இருந்தா மத்தவங்கள விட வாய்ப்பு பல மடங்கு கூடும். ஆனா கூடினாலும், பைபோலார் இருக்கற அப்பா அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பைபோலார் வர்றதில்ல. ஒரே கருவுல உண்டான அச்சு அசல் ரெட்டைப் பிள்ளைங்கள்ல கூட ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லாம போறதுண்டு. சித்தப்பா இன்னும் ஒரு சுத்து தள்ளித்தான். அதனால அவர் கதை டாக்டருக்கு ஒரு தகவல், உங்க தலையெழுத்து இல்ல. அவருக்கு எந்த மருந்து ஒத்துப் போச்சுன்னு தெரிஞ்சா அதுவும் சொல்லுங்க, சில சமயம் உதவும்.

மனநல டாக்டர்ட்ட போனா என்ன நடக்கும்னு பயந்துட்டு இருப்பீங்க. ஒண்ணும் இல்ல, பேச்சுதான். பைபோலார் இருக்கு இல்லன்னு காட்டற ரத்த டெஸ்ட்டும் கெடையாது ஸ்கேனும் கெடையாது, யாராவது ஸ்கேன்ல கண்டுபிடிச்சுத் தர்றேன்னா எந்திரிச்சு வந்துடுங்க. தைராய்டு மாதிரி வேற எதாவதான்னு பாக்க ரத்தம் எடுப்பாங்க, அவ்ளோதான். மொத தடவையே தீர்ப்பு சொல்லலன்னு கோபப்படாதீங்க, 'இப்போதைக்கு டிப்ரஷன்னு வெச்சுப்போம், மத்தத கவனிச்சுட்டே இருப்போம்'னு சொல்றது நல்ல டாக்டரோட பதில்தான். அஞ்சு நிமிஷத்துல பைபோலார்னு சீட்டு எழுதற ஆள விட, மூணு தடவ வரச் சொல்லி, அக்காவக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்ற ஆள நான் நம்புவேன்.

போறதுக்குள்ள ஒரு வேலை, பெரிய வேலை இல்ல. தெனமும் எத்தன மணிக்குப் படுத்தீங்க, எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க, அன்னைக்கு மூடு மொத்தத்துல எப்படி, பீரியட்ஸ் நாளா, இத ஒரு காலண்டர் கட்டத்துக்குள்ள குறிச்சு வைங்க. அஞ்சாறு தடவ மாறினத எல்லாம் எழுத வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு வரி. மாசக் கணக்க ஒரே பக்கத்துல பாக்கும்போது தெரியற விஷயம் வாய்ல சொல்லும்போது தெரியாது. கூடவே, முடிஞ்ச வரைக்கும் தெனமும் ஒரே நேரத்துல எந்திரிங்க, எத்தன மணிக்குப் படுத்தாலும் சரி. சப்மிஷன் வருதுன்னு நைட் அவுட் அடிக்காதீங்க. மத்த பிள்ளைங்களுக்கு ஒரு ராத்திரி முழிச்சா மறுநாள் கொட்டாவியோட போயிடும், பைபோலார் இருக்கறவங்களுக்கு அந்த ஒரு ராத்திரியே ஒரு கட்டத்தக் கெளப்பி விட்டுடலாம். உங்களுக்கு அது இருக்கா இல்லையான்னு தெரியற வரைக்கும் இருக்கற மாதிரியே தூக்கத்தப் பாத்துக்கிட்டா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

ஒரு வேளை பைபோலார்னே ஆனா? அத இப்பவே முழுசா சொல்லி உங்கள கொழப்ப விரும்பல, ஆனா படிப்பு போச்சு, கல்யாணம் போச்சு, வாழ்க்கை போச்சுன்னு ராத்திரி நெனச்சுட்டு இருப்பீங்கன்னு தெரியும், அதுக்காகக் கொஞ்சம். 2019 கணக்குப்படி உலகத்துல ஏறக்குறைய 4 கோடிப் பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. ஆரம்பிக்கறது பெரும்பாலும் பதின்வயசுக் கடைசிலயும் இருபதுகள்லயும்தான், அதாவது சரியா காலேஜ் நேரத்துல, அதனால எங்கிட்ட வர்றதுல காலேஜ் பிள்ளைங்க நெறைய, டிகிரி முடிச்சு வேலைக்குப் போனவங்களும் நெறைய. கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன்னு அமெரிக்காவுல ஒரு உளவியல் பேராசிரியர், இந்த வியாதியப் பத்தி உலகமே படிக்கற ஆராய்ச்சி பண்ணவங்க, தனக்கே அது இருக்குன்னு 1995-ல வெளிப்படையா சொன்னாங்க. லித்தியம்னு ஒரு மருந்து, 1949-ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்னு ஒரு டாக்டர் மேனியாவுக்கு வேலை செய்யுதுன்னு எழுதினாரு, இத்தன வருஷம் கழிச்சும் அதுதான் முன் வரிசைல நிக்குது, தற்கொலையக் குறைக்கறதுன்னு எடுத்துக்கிட்டா அதுக்குத்தான் நல்ல பேரு. ரத்தத்துல அதோட அளவையும் கிட்னி, தைராய்டையும் அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணும், அது தொல்லைதான், மறைக்கல. வேற மருந்துகளும் இருக்கு. நீங்க பொண்ணுங்கறதால ஒண்ணு மட்டும் காதுல போட்டு வைங்க, வால்ப்ரோயேட்னு ஒரு மருந்து கர்ப்பத்துல இருக்கற குழந்தையக் கடுமையா பாதிக்கும், அத எழுதினா 'எனக்கு இது அவசியமா, வேற இல்லையா'ன்னு கேக்கத் தயங்காதீங்க.

ரூம்மேட்டோட 'பக்கா பைபோலார்டி' பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, அந்த வயசுல எல்லாரும் பேசறதுதான். ஆனா நீங்க உங்களையே அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சுடாதீங்க. லெட்டர்ல ரெண்டு எடத்துல 'நான் ஒரு பைபோலார்'னு எழுதி அடிச்சிருக்கீங்க, சுருக்கும்போது அத எடுத்துட்டேன்.

அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு கேட்டிருக்கீங்க. 19 வயசு, நீங்களே போய் டாக்டரப் பாக்கலாம், நீங்க சொல்றத டாக்டர் உங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்துன்னு வர்ற எடத்துல மட்டும் அந்த விதி தளரும். உங்க காலேஜ்ல கவுன்சிலர் இருந்தா மொத அடி அங்க வைக்கலாம், அவங்களால மருந்து எழுத முடியாது, ஆனா டாக்டர்ட்ட அனுப்பி வைப்பாங்க, அட்டெண்டன்ஸ் பிரச்னைக்கும் அவங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடும். அப்பா அம்மாட்ட எப்ப சொல்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஆனா அக்காட்ட இந்த வாரமே பேசுங்க. அவங்களுக்கு பாதி ஏற்கனவே தெரியும், அன்னைக்கே கேட்டுட்டே இருந்தவங்க அவங்க.

பேசும்போது போன வருஷ லீவு சமயத்துல நீங்க அவங்களுக்கு அனுப்பின மெசேஜ் எல்லாம் இன்னும் போன்ல இருக்கான்னு கேளுங்க. ராத்திரி எத்தன மணிக்கு அனுப்பியிருக்கீங்க, ஒரு ராத்திரில எத்தன, எவ்ளோ நீளம், எதப் பத்தி, எல்லாம் தேதியோட அதுல இருக்கும். படிச்சா கூச்சமா இருக்கலாம், அழிச்சிடாதீங்க, அப்படியே கொண்டு போய் டாக்டர் முன்னாடி வைங்க.